குழந்தைகளுக்குக் கோட்டையை எப்படிக் காட்டுவது? ஹிமெஜி பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பான் பயணம் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, மேற்கு ஜப்பானில் உள்ள ஹிமெஜி கோட்டைக்குக் குழந்தைகளுடன் செல்பவர்கள் குறைந்தது அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளில் அமைந்த கேள்விகளை ஒன்றாக்கி, இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் ஒசாகாவுக்கும் கியோட்டோவுக்கும் செல்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. ஒசாகாவிலேயே பெரிய கோட்டை ஒன்று இருக்கும்போது எதற்கு ஹிமெஜி வரை போக வேண்டும் என்கிறார் என் கணவர். அப்படியே போனாலும் குழந்தைகளுக்கு எதைக் காட்டுவது, எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஒசாகா கோட்டையின் நடுமாளிகை 1931-இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டப்பட்டது. உள்ளே மின்தூக்கியும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. வரலாற்றைத் தெரிந்துகொள்ள அது நல்ல இடந்தான். ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன் தச்சர்கள் நிறுத்திய மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஹிமெஜிக்குத்தான் போக வேண்டும். நடுமாளிகை பழைய வடிவிலேயே நிலைத்திருக்கும் கோட்டைகள் ஜப்பான் முழுவதிலும் 12 மட்டுமே. அவற்றுள் மிகப் பெரியது ஹிமெஜி. குழந்தைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஏறும்போது காலடியில் பலகை கிறீச்சிடுவதைக் கேட்டவுடன் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு எங்கள் பதில், ரயில் நிலைய வாசலிலிருந்தே என்பதுதான். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நேரான அகன்ற சாலையின் மறுமுனையில், சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் வெள்ளைக் கோட்டை தெரியும். பேருந்து உண்டு. ஆயினும் நடந்து செல்லுங்கள். நடக்கும்போதே இருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: "நீங்கள் இருவரும் எதிரிப் படையின் தளபதிகள். இந்தக் கோட்டையை எப்படிப் பிடிப்பீர்கள்?" இவ்வளவு சொன்னால் போதும். அதன்பின் வருகிற மதில், வாயில், துளை, படி எல்லாம் அவர்களுக்கு விடை தேட வேண்டிய புதிராகிவிடும். எந்த ஆண்டில் எந்தப் பிரபு கட்டினார் என்ற செய்தி, அந்தப் புதிரில் அவர்கள் ஈடுபட்ட பிறகு தானாகவே தேவைப்படும். அப்போது சொன்னால் மனத்தில் நிற்கும்.

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே சென்றதும் முதலில் வருவது ஹிஷி வாயில். கோட்டையின் வாயில்களில் இதுதான் மிகப் பெரியது. இதைக் கடந்தவுடன் குழந்தைகளை நிறுத்தி, நடுமாளிகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்தால் அது மிக அருகில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பாதை அவர்கள் கை காட்டிய திசையில் நேராகச் செல்வதில்லை. வளைந்து வளைந்து, சில இடங்களில் மாளிகைக்கு முதுகைக் காட்டியபடியும் நடக்க வேண்டியிருக்கும். இங்குள்ள வாயில்கள் பலவற்றுக்கு நம் அகரவரிசையைப் போன்ற பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் 'இ', 'ரோ', 'ஹா', 'நி', 'ஹோ' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் 84 வாயில்கள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 21. ஒரு தாளில் இந்த ஐந்து எழுத்துகளையும் எழுதி மகளிடம் கொடுத்து, ஒவ்வொரு வாயிலைக் கடக்கும்போதும் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டி நூல் கிடையாது.

'ஹா' வாயிலை நோக்கி ஏறும் சரிவில் இருபுறமும் உள்ள மதிலைக் கவனிக்கச் சொல்லுங்கள். வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் என்று வரிசையாகத் துளைகள் இருக்கும். நின்ற நீள்சதுரத் துளைகள் அம்பு எய்வதற்கு, மற்றவை துப்பாக்கிக்கு. இத்தகைய துளைகள் கோட்டையில் இன்னும் ஆயிரம் அளவில் உள்ளன. மகனை ஒரு துளையின் உட்புறம் நிறுத்தி, தங்கையை வெளியே சரிவில் நடக்க விடுங்கள். உள்ளிருப்பவனுக்கு வெளியே வருபவர் நன்றாகத் தெரிவார். வெளியிலிருப்பவளுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாது. துளையின் உட்பக்கம் அகன்றும் வெளிப்பக்கம் குறுகியும் இருப்பதுதான் இதற்குக் காரணம் என்பதை விரலால் தடவிப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

'நி' வாயிலின் மேற்கூரை தாழ்வானது. பாதை உள்ளேயே திரும்புகிறது. நீண்ட ஈட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓட முடியுமா என்று கேளுங்கள். அடுத்த 'ஹோ' வாயில் இரும்புத் தகடு அடித்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். பெரும்படையோடு வந்தவனும் இங்கே தனியாள்தான். அதைத் தாண்டியதும் பாதை சிறிது கீழ்நோக்கி இறங்குகிறது. மாளிகைக்குப் போக வேண்டியவன் ஏறத்தானே வேண்டும், இறங்கினால் வழி தவறிவிட்டோமோ என்று எண்ணமாட்டானா? எதிரியை அப்படி ஐயப்பட வைப்பதும் இந்தப் பாதையின் வேலைதான் என்பார்கள். உங்கள் தளபதிகள் இருவரும் இந்த இடத்தில் சற்று வாக்குவாதம் செய்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். குறுக்கே வராதீர்கள்.

கேள்வி: கோபேயில் பணிபுரியும் மகனிடம் சில மாதம் தங்கப் போகிறேன். பேரன் நான்காம் வகுப்பு. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்பதால் முன்கூட்டியே அவனுக்குப் பாடம் நடத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. எவ்வளவு சொல்லலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, தங்கள் பரபரப்பு புரிகிறது. இருந்தாலும் மூன்று பேரின் கதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹிமெஜி மலையில் 14-ஆம் நூற்றாண்டிலேயே அரண் இருந்தது என்பதும், அதன்பின் மாறி மாறி வந்த குடும்பங்களின் வரிசையும் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை.

முதலாமவர் தொயோதோமி ஹிதெயோஷி. எளிய குடும்பத்தில் பிறந்து, ஜப்பான் முழுவதையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்தவர். அதற்கு முன், 1580-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கே மூன்று அடுக்குக் கோட்டை ஒன்றைக் கட்டினார். அப்போது மதிலுக்குக் கல் போதவில்லையாம். வறுத்த அரிசி மாப்பண்டம் விற்றுப் பிழைத்த ஏழைக் கிழவி ஒருத்தி, அதைக் கேள்விப்பட்டுத் தன் திரிகைக் கல்லையே கொடுத்தாளாம். செய்தி பரவி ஊரார் எல்லாரும் கல் கொண்டுவந்து குவித்தார்களாம். அந்தக் கல் என்று சொல்லப்படும் ஒன்று இன்றும் 'ஹோ' வாயிலை அடுத்த உயர்ந்த கற்சுவரில், கம்பி வலை போர்த்தப்பட்டு இருக்கிறது. பேரனைத் தேடச் சொல்லுங்கள். வலையைக் கண்டுவிட்டால் கல்லைக் கண்டதுபோல்தான். கல்லுக்குத் தட்டுப்பாடு இருந்தது மட்டும் வெறும் கதையன்று. பழைய கல்லறைகளின் கற்பெட்டிகளையும் கல்விளக்குகளின் பகுதிகளையும் எடுத்துச் சுவரில் வைத்துக் கட்டியிருப்பதை இன்றும் காணலாம்.

இரண்டாமவர் இக்கெதா தெருமாசா. இவர் தொக்குகாவா மரபின் முதல் ஷோகனான (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) இயெயாசுவின் மருமகன். 1601 முதல் 1609 வரை வேலை நடத்தி, இப்போது நாம் காணும் பெரிய நடுமாளிகையை எழுப்பியவர் இவரே. இவருடைய குடும்பச் சின்னம் வண்ணத்துப்பூச்சி. கூரை ஓடுகளின் வட்ட முகப்பில் அது பொறிக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் பழுதுபார்த்த குடும்பங்கள் தத்தம் சின்னங்களை இட்டதால், ஒரே கூரையில் பலவகைச் சின்னங்கள் கலந்து கிடக்கின்றன. எத்தனை வகை என்று பேரன் எண்ணட்டும். 'நி' வாயிலின் கூரையில் சிலுவை பொறித்த ஓடு ஒன்றும் உண்டு.

மூன்றாமவர்தான் பேரனுக்கு நெருக்கமானவராக இருப்பார். சென் என்ற இளவரசி, இயெயாசுவின் பேத்தி. ஹிதெயோஷியின் மகனுக்கு அவளை மணம் முடித்தபோது அவர்கள் கணக்குப்படி அவளுக்கு வயது 7. 1615-இல் அவளுடைய தாத்தாவின் படையே ஒசாகா கோட்டையை வீழ்த்தியது. கணவர் மாண்டார், அவள் மட்டும் மீட்கப்பட்டாள். பின்னர் ஹொந்தா குடும்பத்தில் மறுமணம் செய்துகொண்டு ஹிமெஜிக்கு வந்து சுமார் பத்து ஆண்டுகள் வாழ்ந்தாள். மேற்குக் கொத்தளத்தின் நீண்ட நடைக்கூடமும், அதன் முனையில் 'ஒப்பனைக் கோபுரம்' என்று அழைக்கப்படும் சிறு மாளிகையும் அவள் காலத்தவை. இங்கும் மகனையும் கணவரையும் இழந்து, துறவு பூண்டு எடோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) திரும்பினாள். இந்தக் கதையை வீட்டில் சொல்லாதீர்கள். அந்தக் கூடத்தின் பலகைத் தரையில் நடந்துகொண்டே சொல்லுங்கள். பலர் நடுமாளிகைக்கு ஓடும் அவசரத்தில் மேற்குக் கொத்தளத்தை விட்டுவிடுகிறார்கள்; கூட்டமும் அங்கே குறைவு.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தையையும் 70 வயது அம்மாவையும் அழைத்துச் செல்கிறோம். நடுமாளிகையின் உச்சி வரை ஏற முடியுமா? தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? உள்ளே பார்க்க அப்படி என்ன இருக்கிறது? (வாசகர், சென்னை)

பதில்: தள்ளுவண்டி நடுமாளிகைக்குள் செல்லாது, அதுவரை செல்லும் பாதையிலும் கற்படிகளும் சரிவுகளும் மிகுதி. இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணித்தூளி இருந்தால் நல்லது. உள்ளே மின்தூக்கி இல்லை. படிகள் ஏணியைப் போலச் செங்குத்தானவை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு வழுவழுப்பான மரப்படியில் ஏற வேண்டும். ஆகவே கைப்பைகளைக் குறைத்துக்கொண்டு இரு கைகளும் வேண்டியபோது கைப்பிடியைப் பற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கால் குளிர்காலத்தில் விறைத்துப்போகும். தடித்த காலுறை அவசியம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் குழந்தைகள் தடுமாறுவார்கள். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி, குழந்தையை முகம் படியைப் பார்த்தவாறு பின்னோக்கி இறக்குவது பாதுகாப்பு.

தங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் வற்புறுத்த வேண்டாம். நடுமாளிகையின் முன்னுள்ள திறந்த முற்றத்தில் நின்றாலே மாளிகையின் முழு உயரமும் கண்முன் நிற்கும். அதுவும் ஏறச் சிரமம் என்றால், சீட்டு வாங்கும் இடத்துக்கு முன்னால் உள்ள பரந்த புல்வெளியில் அமரலாம், அதற்குக் கட்டணமில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொன்னும் மணியும் பஞ்சணையும் எதிர்பார்த்து வருகிற குழந்தை முதலில் ஏமாறும். வெற்று மரக்கூடம்தான். யாரும் குடியிருக்கக் கட்டியதன்று, முற்றுகைக் காலத்தில் தங்கிப் போரிடக் கட்டியது என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் அந்த ஏமாற்றம் இராது. அதன்பின் ஒவ்வொன்றும் பொருள்படும். வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு. உள்ளே எண்ணிக்கொண்டே ஏறினால் நிலவறையும் சேர்த்து ஏழு வரும். இரண்டு தளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே ஒரு விளையாட்டு. நிலவறையில் கழிப்பறைகள் இருக்கின்றன. தரையடியில் பெரிய மண்சாடி பதித்தவை, பயன்படுத்திய அடையாளமே இல்லாதவை. இதைக் கேட்டுச் சிரிக்காத குழந்தையை நாங்கள் கண்டதில்லை. சுவரெங்கும் ஈட்டியும் துப்பாக்கியும் மாட்டும் மரக்கொக்கிகள். மூன்றாம் தளத்தின் மூலைகளில் வீரர்கள் மறைந்திருந்து பாய்வதற்கான சிறு அறைகள். அதற்கு மேல்தளத்தில் சன்னல்கள் எட்டாத உயரத்தில் இருப்பதால், ஏறி நிற்பதற்கென்றே சுவரோரம் மேடைகள் போட்டிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது இரண்டு பெருந்தூண்களை. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. நிலவறையிலிருந்து மேல்தளத்தின் அடி வரை 24 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்று கட்டடத்தைத் தாங்குகின்றன. நான்கு வயதுக் குழந்தை இரு கைகளையும் விரித்துத் தூணோடு ஒட்டி நின்றால், அடிப்பாகம் அவ்வளவு பருமன் என்பது விளங்கும். ஒவ்வொரு தளத்திலும் அதே தூணைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏற ஏற மெலிந்துகொண்டே வரும். 1956 முதல் 1964 வரை நடுமாளிகையைப் பலகை பலகையாகப் பிரித்து மீண்டும் கோத்தார்கள். அப்போது மேற்குத் தூண் உளுத்துப் போயிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. புதுத் தூணுக்காக மலையிலிருந்து கொண்டுவந்த நெடுமரம் வழியில் முறிந்துவிட்டது. கடைசியில் இரண்டு மரங்களை இணைத்து ஒரே தூணாக நிறுத்தினார்கள். இணைப்பு மூன்றாம் தளத்தில் இருக்கிறது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஏறுகிற குழந்தை அந்த இணைப்பைத் தேடாமல் விடாது.

உச்சித் தளத்தில் சிறிய கோயில் ஒன்று உண்டு. அங்கே நின்று தெற்கே பார்த்தால் நடந்து வந்த சாலை நூல் பிடித்ததுபோல் நிலையம் வரை தெரியும். கூரை முகட்டில் புலித்தலையும் மீனுடலும் கொண்ட உருவங்கள் நிற்கும். நீரை உமிழ்ந்து தீயை அணைக்கும் என்ற நம்பிக்கையில் வைத்தவை. மரக்கட்டடத்துக்குத் தீயைவிடப் பெரிய எதிரி இல்லை அல்லவா?

கேள்வி: அந்தக் கோட்டையில் பேய்க்கிணறு இருக்கிறதாமே. என் மகள் இரவில் பயப்படுபவள். அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லதா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: வெளியேறும் பாதையிலேயே அந்தக் கிணறு இருப்பதால் தவிர்ப்பது கடினம். ஒகிக்கு என்ற பணிப்பெண்ணின் கதை அது. குடும்பத்தின் விலைமதிப்பற்ற பத்துத் தட்டுகளில் ஒன்றை ஒருவன் ஒளித்துவைத்து, பழியை அவள்மேல் போட்டான். அவள் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டாள். அதன்பின் இரவுதோறும் கிணற்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணும் குரல் கேட்டது என்பார்கள். இதே கதையை வேறு ஊர்களிலும் வேறு கிணறுகளைக் காட்டிச் சொல்கிறார்கள் என்பதே, இது கதை என்பதற்குப் போதுமான சான்று.

மகளின் வயதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. பத்து வயதுக்கு உட்பட்டவள் என்றால், கொலையை விட்டுவிட்டு, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த பெண் என்று மட்டும் சொல்லலாம். அநியாயம் என்பது குழந்தைகளுக்கு நன்றாகவே புரியும். இன்னும் சிறியவள் என்றால், முற்றுகைக் காலத்துக்கு நீர் சேமித்த கிணறு என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். கோட்டைக்குள் கிணறு எதற்கு என்பதும் உண்மையான கேள்விதானே. அதற்கு அருகில் 'வயிறு கிழித்துக்கொள்ளும் முற்றம்' என்று பெயர் பெற்ற ஒரு மூலையும் இருக்கிறது. அங்கே அப்படி எதுவும் நடந்ததாகச் சான்றில்லை. இடத்தின் தோற்றத்தைப் பார்த்துப் பிற்காலத்தவர் வைத்த பெயர். சிலிர்ப்புக்காக அதை உண்மைபோல் சொல்லும் வழிகாட்டிகளிடமிருந்து குழந்தையைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? சைவ உணவு கிடைக்குமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஏப்ரல் முதல் வாரத்தையொட்டிச் செர்ரி பூக்கும், அழகும் கூட்டமும் சேர்ந்தே வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை. நடுமாளிகைக்குள் ஆட்களை அளவோடு விடுவதால் காத்திருக்க நேரும். குழந்தைகளுடன் செல்ல மே நடுப்பகுதியும் நவம்பரும் உகந்தவை. உணவைப் பொறுத்தவரை, காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு மீனில் எடுத்ததாக இருக்கக்கூடும். தூய சைவர்கள் கையோடு கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. கோட்டைக் கட்டடங்களுக்குள் உண்ணக் கூடாது. வெளிப் புல்வெளியில் உண்ணலாம்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். சென்ற இதழில் படம் பார்த்தேன். இவ்வளவு துளைகள் வைத்துக் கட்டிய கோட்டையில் எத்தனை போர்கள் நடந்தன? யார் ஜெயித்தார்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தம்பி தங்கைகளின் கேள்வி வந்தால் நாங்கள் முன்வரிசையில் போடுவது வழக்கம், இம்முறை இடம் தள்ளிப்போனதற்குப் பொறுத்துக்கொள். நீ எதிர்பார்க்காத விடை இது: தெருமாசா கட்டி முடித்த இந்தக் கோட்டையில் ஒரு போர்கூட நடக்கவில்லை. 1609-இல் வேலை முடிந்தது. 1615-இல் ஒசாகா வீழ்ந்தபின் ஜப்பானில் 250 ஆண்டுகள் அளவுக்கு நீண்ட அமைதி நிலவியது. அந்தத் துளைகளின் வழியே எந்த எதிரியையும் நோக்கி அம்பு பறக்கவில்லை. அப்படியானால் அவை வீண்தானே என்று நீ கேட்கலாம். பார்த்த மாத்திரத்தில் எதிரி, இதைப் பிடிக்க முடியாது என்று முடிவுசெய்து திரும்பிவிட வேண்டும் என்பதும் கோட்டை கட்டுபவரின் நோக்கங்களில் ஒன்று.

ஆனால் ஆபத்துகள் வராமல் இல்லை. 1870-களில் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தபோது, இந்தக் கோட்டை வேண்டாத பழம்பொருளாகக் கருதப்பட்டு ஏலத்துக்கு வந்தது. வெறும் 23 யென் 50 சென்னுக்கு (சென் என்பது யென்னில் நூறில் ஒரு பங்கு) ஒருவர் வாங்கினார். ஓடுகளையும் மரங்களையும் பிரித்து விற்கும் எண்ணம். பிரிக்கிற கூலியே அதிகமாகும் என்று தெரிந்ததும் கைவிட்டுவிட்டார். பிறகு நாகாமுரா ஷிகெதோ என்ற ராணுவ அதிகாரி, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். அவருக்கான நினைவுக்கல் ஹிஷி வாயிலருகே இருக்கிறது. 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் ஹிமெஜி நகரைக் குண்டுவீசி எரித்தன. வெள்ளைக் கோட்டை இரவிலும் கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதைக் கருப்பு வலையால் மூடியிருந்தார்கள். நகரின் பெரும்பகுதி சாம்பலானது. கோட்டையின் மேல்தளத்தில் விழுந்த தீக்குண்டு ஒன்று வெடிக்கவில்லை. இந்தக் கோட்டைக்காக உண்மையில் போராடியவர்கள் கடிதம் எழுதியவரும், வலை கட்டியவர்களும், தூண் மாற்றிய தச்சர்களும்தான் என்று உன் தோழிகளிடம் சொல். 1993-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

படத்தில் இவ்வளவு வெள்ளையாக இருப்பது எப்படி என்றும் நீ யோசித்திருக்கலாம். சுண்ணாம்பு, கிளிஞ்சல் சாம்பல், நார், கடற்பாசிப் பசை ஆகியவற்றைக் கலந்த சாந்தைச் சுவரில் மட்டுமின்றி ஓடுகளின் இணைப்புகளிலும் பூசியிருக்கிறார்கள். தீப்பிடிக்காமல் இருக்கவே இந்தப் பூச்சு. 2009 முதல் 2015 வரை நடந்த பழுதுபார்ப்பில் புதிதாகப் பூசியதும், பழகிய கண்களுக்கு வெள்ளை மிகையாகிவிட்டது என்று ஊராரே குறைப்பட்டுக்கொண்டார்கள். மழையும் பூஞ்சையும் சேர்ந்து ஆண்டுகள் செல்லச் செல்ல நிறத்தை மங்கவைக்கும்.

கேள்வி: கோட்டையை ஒட்டிய கோகோ-என் தோட்டத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கலாம் என்கிறார்கள். கோட்டை ஏறி இறங்கிய குழந்தைகளைத் தோட்டத்தில் நடக்க வைப்பது கொடுமை இல்லையா? "பூவைத் தொடாதே, ஓடாதே" என்று சொல்லியே என் நேரம் போய்விடும். (வாசகி, மதுரை)

பதில்: தங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஜப்பானியத் தோட்டத்தை வியந்து நிற்கச் சொல்லி எந்தக் குழந்தையையும் நிறுத்த முடியாது. ஆனாலும் தோட்டத்தைத் தவிர்க்காதீர்கள். கோட்டைக்குப் பின் செல்லுங்கள், முன் அல்ல. தோட்டத்தில் அமைதியடைந்த குழந்தையைச் செங்குத்துப் படி ஏறச் சொன்னால் சிணுங்கும். ஏறிக் களைத்த குழந்தைக்கோ நிழலும் நீரோசையும் தாமே பிடித்துப்போகும்.

கோகோ-என் பழைய தோட்டம் அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹிமெஜி நகராட்சியின் நூற்றாண்டையொட்டி 1992-இல் திறக்கப்பட்டது. ஆனால் அது அமைந்த இடம் பழையது. கோட்டைப் பிரபுவின் மேற்கு மாளிகையும் சாமுராய்களின் வீடுகளும் இருந்த பகுதியை அகழ்ந்து, அங்கே கிடைத்த மனைகளையும் தெருக்களையும் ஒட்டி, தொக்குகாவா ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்துப் பாணியில் ஒன்பது தனித்தனித் தோட்டங்களாக அமைத்தார்கள். மண்மதில்களும் சிறு வாயில்களும் அவற்றைப் பிரிக்கின்றன. குழந்தைகளுக்கு இந்த அமைப்பே உதவி. ஒவ்வொரு வாயிலுக்குப் பின்னும் வேறொன்று வரும் என்பதால், "அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன?" என்று கேட்டுக்கொண்டே நடக்கலாம். கோட்டையில் வாயில் என்பது தடுப்பதற்கு; இங்கே வாயில் என்பது வரவேற்பதற்கு. பெரிய குழந்தையாக இருந்தால் இந்த வேறுபாட்டை அதுவே சொல்கிறதா என்று பாருங்கள்.

முதலில் வருவது பெரிய குளமும் அருவியும் கொண்ட மாளிகைத் தோட்டம். குளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்ணக் கெண்டைகள் உள்ளன. குழந்தைகள் இங்கிருந்து கால் மணி நேரத்துக்கு நகரமாட்டார்கள், நகர்த்தவும் வேண்டாம். ஆளுக்கொரு மீனைத் தேர்ந்து, அதன் புள்ளிகளை நினைவில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் மீண்டும் அடையாளம் காணச் சொல்லுங்கள். கூரை வேய்ந்த பாலம்போன்ற நடைவழி ஒன்று நீரின் மேல் செல்கிறது; மழை வந்தாலும் அங்கே நின்று பார்க்கலாம். மூங்கில் தோட்டத்தில் பலவகை மூங்கில்கள் நிற்கின்றன. தண்டில் சதுரம், கருமை, மஞ்சள் என்று வேறுபாடுகளைத் தேடலாம். அங்கே பழைய காகிதக் குடையின் வடிவில் அமைத்த சிறு மண்டபம் இருக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் குடைக்கம்பிகள்போல் மரச்சட்டங்கள் விரிந்திருக்கும். நாற்றுத் தோட்டத்தில் எடோ காலத்தில் வளர்த்த செடிகளைப் பயிரிடுகிறார்கள். பைன் தோட்டத்தையும் கோடைமரத் தோட்டத்தையும் சிறியவர்களுடன் விரைந்து கடந்துவிடலாம். நவம்பர் இறுதியில் இலை சிவக்கும்போது மட்டும் நின்று பாருங்கள்.

"ஓடாதே" என்று சொல்வதற்குப் பதிலாக, பாதையில் பதித்த கற்களில் மட்டும் கால்வைத்து நடக்கச் சொல்லுங்கள். தேநீர்த் தோட்டத்தில் கற்களை ஒழுங்கற்ற இடைவெளியில் இட்டிருப்பதே வருபவரின் நடையை மெதுவாக்கத்தான்; தோட்டக்காரர் செய்துவைத்திருக்கும் வேலையைத் தாங்கள் தொண்டை வறளச் செய்ய வேண்டியதில்லை. அங்குள்ள தேநீர் மனையில் கட்டணம் செலுத்திப் பாய்த்தரையில் அமர்ந்து மாட்சா அருந்தலாம். பச்சைத் தேநீர் குழந்தைகளுக்குக் கசக்கும். முதலில் தரும் இனிப்பை முழுவதும் தின்றபின்தான் தேநீர் வரும் என்பதால், இனிப்பில் பாதியைப் பத்திரப்படுத்தும் தந்திரத்தை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். முறைக்கு மாறானதுதான், ஆனால் குழந்தைகளிடம் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கேள்வி: ஒசாகாவிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்ப இரண்டையும் பார்க்க முடியுமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியும். ஷின்-ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் அரை மணி நேரம். ஒசாகா நிலையத்திலிருந்து சாதாரண விரைவு ரயிலில் ஒரு மணி நேரம், செலவும் குறைவு. குழந்தைகள் புல்லட் ரயில் ஏறியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் திரும்பும்போது ஏற்றுங்கள், களைப்பிலும் விழித்திருப்பார்கள். கோட்டை காலை 9 மணிக்குத் திறக்கிறது. கோடைமாதங்கள் தவிர மற்ற நாள்களில் மாலை 4 மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. டிசம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களும் விடுமுறை. திறக்கும் வேளையிலேயே சென்று, முதலில் நடுமாளிகை, பிறகு மேற்குக் கொத்தளம், புல்வெளியில் உணவு, அதன்பின் தோட்டம் என்று வைத்துக்கொண்டால் பிற்பகல் 3 மணி வாக்கில் நிலையத்துக்கு நடக்கலாம். கோட்டைக்கும் தோட்டத்துக்குமான கூட்டுச் சீட்டைக் கோட்டை வாசலிலேயே கேட்டு வாங்குங்கள். கட்டணம் அவ்வப்போது மாற்றப்படுவதால், கிளம்புமுன் கோட்டையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.